பென்சில் மறுப்பு

வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம் தொடங்கும். நாலரைக்கு முடிந்தாக வேண்டும். அதற்கு மேல் அந்த அறை நர்சிங் மாணவிகளின் வகுப்புக்குப் போய்விடும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் பத்துப் பன்னிரண்டு பேரின் கோப்புகளைப் பார்த்து, யார் வீட்டுக்குப் போகலாம், யார் இன்னும் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிடுவார்கள். பக்கவாதத்திலும் எலும்பு முறிவிலும் விழுந்தவர்களுக்கு மறுபடி நடக்கக் கற்றுக்கொடுக்கும் ஆஸ்பத்திரி அது.

முடிவு செய்பவர்கள் மூன்று பேர். பெரிய டாக்டர், மேட்ரன், பிறகு அவள். அவள் பிசியோதெரபிஸ்ட். பதினாறு வருஷமாக அந்த மேஜையின் ஜன்னலோர நாற்காலி அவளுடையது.

ஒவ்வொரு கோப்பின் கடைசிப் பக்கத்திலும் மூன்று கையெழுத்துக்கு மூன்று கோடுகள் இருக்கும். அதற்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம். அதன் தலையில் ஆங்கிலத்தில் ‘டிசென்ட்’, அதாவது மறுப்பு, என்று அச்சடித்திருக்கும். மூவரில் ஒருவர் அந்தக் கட்டத்தில் மையால் ஒரு வரி எழுதினால் போதும், கோப்பு தலைமை அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து இரண்டு டாக்டர்கள் வந்து பார்க்கும்வரை நோயாளியை நகர்த்தக் கூடாது. குறைந்தது நாற்பது நாள். பதினாறு வருஷத்தில் அந்தக் கட்டத்தில் மை பட்டு அவள் பார்த்ததில்லை.

அதற்காக மூன்று பேரும் எப்போதும் ஒரே மனசாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. மாற்றுக் கருத்து வரும். அதற்குத்தான் பென்சில். ஒத்துப்போகாதவர் கோப்பின் ஓரத்தில் பென்சிலால் தன் கருத்தை எழுதுவார். கொஞ்ச நேரம் பேசுவார்கள். சரியாகிவிடும், அல்லது சரியாகிவிட்டது போல ஆகிவிடும். மூன்று பேரும் கையெழுத்துப் போடுவார்கள். மறுநாள் காலை ரெக்கார்டு அறை அக்கா ஓரங்களை ரப்பரால் அழித்து, பொடியை ஊதித் தள்ளி, கோப்பைக் கட்டி அலமாரியில் ஏற்றிவிடுவாள். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம். யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது.

பென்சிலை அதிகம் செலவழித்தவள் அவள்தான். “ஆமா டாக்டர், ஆனா...” என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பாள். அதனால் பெரிய டாக்டர் அவளுக்கு ‘ஆமா-ஆனா’ என்றே பெயர் வைத்திருந்தார். “என்ன ஆமா-ஆனா மேடம், பென்சில் சீவியாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் முதல் கோப்பைத் திறப்பார். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. தலையாட்டி பொம்மை இல்லை என்று அதற்கு அர்த்தம் வைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டிலும் அவள் அப்படித்தான். மகளை ஹாஸ்டலில் சேர்ப்பது என்று கணவர் முடிவு செய்தபோது மூன்று நாள் வேண்டாம் என்றாள். நான்காம் நாள் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். வருஷங்கள் கழித்து ஒரு விடுமுறையில் மகள் சொன்னாள்: “நீ வேண்டாம்னு சொன்னியாமே, அப்பா சொன்னாரு. எனக்கு எப்படிம்மா தெரியும்? பெட்டியில என் பேரு உன் கையெழுத்துல இருந்துச்சு.” அவள் அப்போது சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

தையல்காரர் வந்து சேர்ந்தது மழைக்காலத்தின் தொடக்கத்தில். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்திருந்தது. கை சீக்கிரம் திரும்பிவிட்டது. கால்தான் முரண்டு பிடித்தது. “கை போனாக்கூட சமாளிச்சுக்குவேன் மேடம். மெஷின மிதிக்கிறது கால்தானே. கால்தான் எனக்குச் சோறு போடுது” என்பார். முதல் நாளே அவளுடைய வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டு, “தோள் அரை அங்குலம் இறங்கியிருக்கு. யார் தைச்சது? அவரு மேல கேஸ் போடலாம்” என்றார். அவருக்கு மூன்றாவது மாடியில் வீடு. லிஃப்ட் கிடையாது. ஐம்பத்து நான்கு படி. மனைவி இல்லை. ஒரே மகள், காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவாள்.

பயிற்சிக் கூடத்தில் ஐந்து மரப்படிகள் உண்டு, இரண்டு பக்கமும் கைப்பிடியோடு. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பழுதுபட்ட கால் முதலில். அவள் தொழிலின் அரிச்சுவடி அது. தையல்காரர் ஏறிவிடுவார். இறங்கும்போது மூன்றாவது படியில் எல்லாம் மறந்துபோகும். பழைய பழக்கத்தில் நல்ல காலை முதலில் கீழே வைப்பார். மேலே நிற்கும் இடது முழங்கால் மொத்த உடம்பையும் தாங்க முடியாமல் மடங்கும். அவள் பிடித்துக்கொள்வாள். “தப்பா? சரி, பிரிச்சுத் தைச்சுடலாம்” என்பார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டே.

அந்த வியாழக்கிழமை அவருடைய கோப்பு ஒன்பதாவதாக வந்தது. ‘படி இறங்கத் தயாரில்லை. இன்னும் இரண்டு வாரம்’ என்று அவள் ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்.

பெரிய டாக்டர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “படி ஏறுறாரா?”

“ஏறுறாரு டாக்டர். ஆனா இறங்கத்தான்...”

“ஏறிட்டா வீட்டுக்குள்ள போயிடலாம்ல? அப்புறம் எதுக்கு இறங்கணும்?”

மேட்ரன் சிரித்தாள். அவளும் சிரித்தாள்.

“தமாஷுக்குச் சொன்னேன். வெளிய பாத்தீங்களா? ஸ்ட்ரெச்சர்ல ஒரு பொண்ணு காலையிலேருந்து கிடக்குது. இடுப்பெலும்பு. பெட்டு இல்ல. இவரும் தினம் என்னைப் பிடிச்சு, எப்ப சார் விடுவீங்கன்னு கேட்டு உயிரை எடுக்கிறாரு. பொண்ணு இருக்கா, பாத்துக்குவா. கட்டத்துல எழுதணும்னா எழுதுங்க மேடம், நான் தடுக்கல. நாற்பது நாள் அந்தப் பொண்ணு நடையிலயே கிடக்கட்டும்.”

கோபமாகச் சொல்லவில்லை. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. மணி நாலேகால். இன்னும் இரண்டு கோப்புகள் பாக்கி. வாசலில் நர்சிங் மாணவிகளின் செருப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. அவள் பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

வீட்டுக்குப் போன ஒன்பதாவது நாள், மகள் வேலைக்குப் போன பிறகு, தையல்காரர் தனியாகப் படி இறங்கியிருக்கிறார். கடையைத் திறந்து ஒருமுறை மெஷினை மிதித்துப் பார்க்க ஆசைப்பட்டிருப்பார் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். சட்டைப் பையில் கடைச் சாவி இருந்தது. இரண்டாவது மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில் கிடந்தார். யாரோ பார்த்தபோது உயிர் இல்லை.

மகள் புகார் எழுதினாள். தலைமை அலுவலகம் விசாரணைக்கு ஆள் அனுப்பியது.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் ரெக்கார்டு அறை அக்கா அவளைத் தேடிக்கொண்டு பயிற்சிக் கூடத்துக்கே வந்தாள். வழக்கமாக இடத்தை விட்டு அசையாத ஆள். மூச்சிரைக்க அவளை ஓர் ஓரத்துக்கு இழுத்தாள்.

“அந்த வாரம் எனக்கு விரல்ல கட்டு. நெனப்பிருக்கா? கதவுல நசுங்கிப் போச்சே. அந்தக் கட்டோட எங்க அழிக்கிறது? அப்படியே கட்டி வச்சுட்டேன். நேத்து எடுத்துப் பாக்கிறேன், உன் பென்சில் எழுத்து அச்சு மாதிரி இருக்கு!”

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள்.

“கல்லு மாதிரி நிக்காத. டிசென்ட் பண்ணவங்கள விசாரணை தொடாது. அதுதான் ரூல். நீதான் அன்னைக்கே வேண்டாம்னு எழுதியிருக்கியே! கட்டத்துல இல்லாட்டி என்ன, ஓரத்துல இருக்கு. என்னைக் கேட்டா, மேல மையால ஒரு ஓட்டு ஓட்டிடு. கோப்பு இன்னைக்குச் சாயங்காலம்வரைக்கும் என்கிட்டதான் இருக்கும்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “தையல்காரரோட பொண்ணு நேத்து வந்தா. பாவமா இருந்துச்சு. காட்டிட்டேன்.”

“என்னக்கா காட்டினீங்க?”

“உன் எழுத்தத்தான்.”

தையல்காரரின் மகள் அன்று மத்தியானமே வந்துவிட்டாள். முப்பது வயதிருக்கும். அப்பாவின் நெற்றி. மரப்படிகளுக்குப் பக்கத்தில் நின்று, அவற்றைத் தொட்டுப் பார்க்கலாமா என்பது போலக் கையை நீட்டி, மடக்கிக்கொண்டாள்.

“இதுலதான் பழகினாரா?”

“ஆமாம்மா.”

“மேடம்னா மேடம்தான்னு சொல்லிட்டே இருப்பாரு. உங்களுக்கு ஒரு கோட்டு தைச்சுக் குடுக்கணும்னு சொன்னாரு.” அவள் குரல் உடையவில்லை, அழுது தீர்ந்த குரல். “யாருமே ஒரு வார்த்தை கேக்கல, மூணு பேரும் சேந்து அனுப்பிட்டாங்கன்னு ராத்திரி பகலா திட்டிட்டு இருந்தேன் மேடம். உங்களையும் சேத்துத்தான். மன்னிச்சுக்கோங்க. ஒருத்தராவது எதிர்த்திருக்காங்கன்னு தெரிஞ்சப்புறம்தான் நேத்து சாப்பிட்டேன்.”

அவளுடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டாள். அந்த நேரத்தில் வாயைத் திறந்திருக்கலாம். ‘ஆனா’ என்ற சொல் தொண்டைவரை வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதை விழுங்கினாள்.

சாயங்காலம் ரெக்கார்டு அறைக்குப் போனாள். அக்கா கோப்பை மேஜையில் வைத்து, பேனாவையும் வைத்து, “காபி குடிச்சுட்டு வர்றேன்” என்று வேண்டுமென்றே கதவைச் சாத்திக்கொண்டு போனாள். ஓரத்தில் அவளுடைய சாம்பல் நிற எழுத்து. இறங்கத் தயாரில்லை. அதற்கு மேல் மையை ஓட்டுவது பத்து வினாடி வேலை. பேனா மூடியைக்கூடக் கழற்றிவிட்டாள்.

அப்போதுதான் பக்கத்தின் அடியைப் பார்த்தாள். மூன்றாவது கோட்டில் அவள் கையெழுத்து. அவசரத்தில் கிறுக்கியதாக இருக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். இல்லை. நிதானமாக, முழுசாக, அடியில் அவளுக்கே உரிய சின்னச் சுழியோடு இருந்தது. நிம்மதியாக இருக்கும்போது மட்டும் போடுகிற சுழி. மகளுக்குப் பிறந்தநாள் அட்டையில் போடுவாளே, அது.

பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்று அவளுக்கு என்ன நிம்மதி? அந்த நாலேகால் மணியை மறுபடி மறுபடி புரட்டினாள். பயம் இல்லை. குழப்பம் இல்லை. சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, எழுதியும் ஆகிவிட்டது, இனி என் மேல் ஒன்றும் இல்லை என்ற லேசான உணர்வு ஒன்று இருந்தது. குளித்துவிட்டு வந்தது போல. பென்சில் எழுத்து தையல்காரருக்காக எழுதப்பட்டது என்று நம்பியிருந்தாள். அது அவளைக் கழுவத்தான் எழுதப்பட்டது.

பேனாவை மூடி வைத்துவிட்டு வந்தாள். அதைப் பெரிய நேர்மை என்றெல்லாம் சொல்ல முடியாது. மை ஓட்டவில்லையே தவிர, பென்சில் எழுத்து அங்கேயேதான் இருந்தது. அதுவே அவளைக் காப்பாற்றும் என்றும் அவளுக்குத் தெரியும்.

பெரிய டாக்டர் நடையில் எதிர்ப்பட்டார். ஒரு மாதத்தில் பத்து வயது கூடியிருந்தார். “உங்க பென்சில் அழியாம இருக்காமே?” என்றார். “நல்லது. நீங்களாவது தப்பிச்சுக்கோங்க. நான் எதிரா ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நீங்க சொன்னீங்கதானே? நான்தான் கேக்கல.” கிண்டல் இல்லாமல் அவர் பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

கணவரிடம் சொன்னாள். அவர் பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார். செய்தித்தாளை மடித்து வைத்தார். “டிஸ்அக்ரின்னாலும் ஒத்துக்கலன்னுதான் அர்த்தம், டிசென்ட்னாலும் ஒத்துக்கலன்னுதான் அர்த்தம். நீ ஒத்துக்கல. அவ்வளவுதானே? எதுக்கு இப்படி முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்க?”

“ரெண்டும் ஒண்ணா?”

“அகராதியில ரெண்டும் ஒரே குடும்பம்.”

“ஒரே குடும்பம்தான்,” என்றாள். “ஒண்ணு அடுப்படியிலேயே முணுமுணுத்துட்டு எல்லாருக்கும் பரிமாறும். இன்னொண்ணு எழுந்து வாசலுக்குப் போய் நிக்கும்.”

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “எனக்கும் சேத்துத்தான் சொல்றியா?”

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அவர் செய்தித்தாளை மறுபடி பிரித்தாரே தவிர, வெகுநேரம் பக்கம் திருப்பவில்லை.

விசாரணை அதிகாரி ஒல்லியான பெண்மணி. அதிகாரியின் முன்னால் கோப்பு திறந்திருந்தது. சுவரோரம் பெஞ்சில் தையல்காரரின் மகள். புகார் கொடுத்தவர் கூட இருக்கலாம் என்று விதி. தட்டச்சு செய்பவர் ஒருவர். மற்றவர்கள் வெளியே காத்திருந்தார்கள்.

“இந்தக் குறிப்பு உங்களுதா?”

“ஆமா.”

“முடிவு எடுக்கிறதுக்கு முன்னாடி எழுதினதா?”

“ஆமா.”

அதிகாரிக்கு இது சீக்கிரம் முடிகிற கோப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். “அப்போ உங்க டிசென்ட்டை முன்னாடியே பதிவு பண்ணியிருக்கீங்க. கட்டத்துக்குப் பதிலா ஓரத்துல எழுதிட்டீங்க. அது நடைமுறைத் தவறு. பெரிய விஷயம் இல்ல. அப்படித்தானே?”

ஒரு ‘ஆமா’ போதும். ஏற்கெனவே இரண்டு சொல்லியாகிவிட்டது. மூன்றாவது தானாக வந்துவிடும். அவள் நிமிர்ந்தாள். பெஞ்சில் இருந்த மகள் அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள். சொல்லுங்க, பயப்படாதீங்க என்று தைரியம் கொடுப்பது போல. அந்த முகத்தில் இருந்த நம்பிக்கையைத் தாங்கிக்கொண்டு இன்னும் எத்தனை வருஷம் இந்த ஊரில் நடமாட வேண்டும் என்று நினைத்துப் பார்த்தாள்.

“இல்ல மேடம். டிஸ்அக்ரி பண்ணேன். டிசென்ட் பண்ணல.”

தட்டச்சுச் சத்தம் நின்றது.

“வித்தியாசம் தெரிஞ்சுதான் சொல்றீங்களா?”

“தெரியும். கட்டம் அங்கதான் இருந்துச்சு. எழுதினா அவரு போயிருக்க மாட்டாரு. எழுதிக்கோங்கன்னு டாக்டரே சொன்னாரு. நான் எழுதல. ஓரத்துல எழுதினது அழிச்சுடுவாங்கன்னு தெரிஞ்சுதான் எழுதினது. பதினாறு வருஷமா அப்படித்தான். கீழ இருக்கிற கையெழுத்து என்னோடது. அதுதான் என் முடிவு.”

அதிகாரி கோப்பின் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தாள். “இதை இப்படியே பதிவு பண்ணா, மத்த ரெண்டு பேரோட சேத்து உங்களையும் சஸ்பெண்ட் பண்ண வேண்டியிருக்கும்.”

“பண்ணிக்கோங்க.”

வெளியே வந்தாள். மேட்ரனும் பெரிய டாக்டரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அவர்களைத் தாண்டி, நடையின் கோடியில் தண்ணீர் பானைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பின்னால் வேகமான காலடி கேட்டது.

மகள். முகம் வெளுத்திருந்தது.

“அப்ப அனுப்பலாம்னு நெனச்சுத்தான் கையெழுத்துப் போட்டீங்களா?”

“இல்லம்மா. அனுப்பக் கூடாதுன்னுதான் நெனச்சேன்.”

“மிரட்டினாங்களா?”

“யாரும் மிரட்டல.”

“பின்ன?”

பல பதில்கள் இருந்தன. ஸ்ட்ரெச்சரில் கிடந்த பெண், நாலேகால் மணி, செருப்புச் சத்தம், நாற்பது நாள், தையல்காரரே வீட்டுக்குப் போகத் துடித்தது. எல்லாமே உண்மைதான். எதையும் எடுத்து நீட்ட அவளுக்குக் கை வரவில்லை.

“சொல்லிட்டேன்ல, அது போதும்னு இருந்துச்சு.”

“யாருக்குப் போதும்?”

திட்டுவதற்காகக் கேட்டது போல இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டது போலவே இருந்தது. அதனால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

“எனக்கு.”

மகள் தலையை ஆட்டினாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டது தெரிந்தது. பிறகு சொல்லியேவிட்டாள்.

“இதை நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம் மேடம். எனக்கு ஒருத்தராவது மிச்சம் இருந்திருப்பாங்க.”

திரும்பி நடந்தாள். பெரிய டாக்டர் எழுந்து அவளிடம் எதையோ சொல்ல முயன்றார், அவள் நிற்கவில்லை. வாசல் வெளிச்சத்தில் அவள் உருவம் மறையும்வரை இவள் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னதில் லேசாகிவிடும் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அப்படி எதுவும் ஆகவில்லை.

அறைக்கதவு திறந்தது. அடுத்து மேட்ரனைக் கூப்பிட்டார்கள்.